புவியியல், வரலாறு, குடிமையியல்: சேலத்தை வைத்தே மூன்றையும் நடத்தினால் என்ன?

ஓமலூர் வாத்தியார்:

ஓமலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். படித்தது வரலாறு. எங்கள் பள்ளியில் புவியியலுக்குத் தனி ஆள் கிடையாது, அதனால் எல்லாப் பகுதியும் என் பொறுப்புதான். பல பள்ளிகளில் இதே நிலைமை. வரலாறு படித்தவர் வந்தால் புவியியல் வெறுமனே வாசித்துக் காட்டும் பாடமாகிவிடுகிறது. புவியியல் படித்தவர் வந்தால் வரலாறு ஆண்டுப் பட்டியலாகிவிடுகிறது. குடிமையியல் யார் வந்தாலும் கடைசிதான். பரீட்சைக்கு முந்தின வாரம் ஒன் வேர்டு எழுதிப்போட்டு முடித்துவிடுகிறோம்.

கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. மேக்னசைட் அதிகம் கிடைக்கும் இடம் எது என்று கேட்டால் 'சேலம்' என்று பளிச்சென எழுதுவார்கள். தினமும் பஸ்ஸில் வரும்போது பார்க்கிறார்களே, வெள்ளை வெளேரென்று மேடு மேடாகக் கொட்டிக் கிடப்பது, அது அந்தச் சுரங்கத்துக் கழிவுதான் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அதை எதற்கு வெட்டுகிறார்கள் என்றும் தெரியாது. உருக்காலை உலையின் உட்சுவருக்கு வைக்கிற செங்கல் அதிலிருந்துதான் வருகிறது, அவ்வளவு சூட்டிலும் அது உருகாது என்று சொன்னபோதுதான் ஒரு பையன் 'எங்க தாத்தா அங்கதான் சார் வேலை பார்த்தாரு' என்றான். அதற்கப்புறம் அந்த வகுப்பு நடந்த விதமே வேறு. சம்பளம் எவ்வளவு, சுரங்கம் யாருடையது, ஏன் மூடிக் கிடக்கிறது, குழியில் தேங்கும் தண்ணீரை யார் எடுக்கலாம் என்று கேள்வி மேல் கேள்வி. அதில் பாதி புவியியல், பாதி வரலாறு, மிச்சம் குடிமையியல்.

அடுத்த கல்வியாண்டில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு இப்படி மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன். புத்தகத்தை ஒதுக்குவதாக இல்லை, அதற்குள் நுழையும் வாசலை மாற்றலாம் என்றுதான். யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

தேர்ச்சி100:

வணக்கம் சார். நானும் சோசியல்தான், எடப்பாடி பக்கம். நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்லியாக வேண்டும்.

சமூக அறிவியல் புத்தகத்தின் கனம் உங்களுக்கே தெரியும். முதல் உலகப்போரில் தொடங்கி இந்திய அரசியலமைப்பு, தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள், வரிகள் என்று போகிறது. டிசம்பருக்குள் போர்ஷன் முடிக்க வேண்டும், அப்புறம் திருப்புதல். என் வகுப்பில் தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 35 மார்க் என்பது வாழ்க்கை. அது கிடைக்காவிட்டால் தறிப்பட்டறைக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுவார்கள். மினிமம் மெட்டீரியல், அதாவது தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் சுருக்கிய தாள், கொடுத்துப் படிக்க வைப்பதைச் சிலர் கேவலமாகப் பேசுகிறார்கள். அந்தத் தாள் இல்லையென்றால் பல பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மேக்னசைட் வகுப்பு நன்றாக இருந்தது, சரி. அந்த வாரம் எத்தனை பக்கம் நடந்தது?

ஓமலூர் வாத்தியார்:

நியாயமான கேள்வி சார். பக்கம் குறைவுதான். அதனால்தான் பத்தாம் வகுப்பைத் தொடாமல் எட்டு, ஒன்பது என்று சொன்னேன். அங்கே பொதுத்தேர்வு இல்லை. நிலவரைபடம் படிக்கக் கற்றுக்கொடுப்பதும், வளிமண்டலமும், உள்ளாட்சியும் ஒன்பதிலேயே வந்துவிடுகின்றன. அங்கே கை பழகிவிட்டால் பத்தாம் வகுப்பு மேப் கேள்விக்குத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

காபிக்கொட்டை:

ஓமலூர் சார், நான் ஏற்காட்டு மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். படித்தது புவியியல், அதனால் என் கஷ்டம் உங்களுடையதற்கு நேர் எதிர்.

வளிமண்டலப் பாடத்தில் 'உயரே செல்லச் செல்ல ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும்' என்று ஒரு வரி வரும். ஊர் ஊராக மனப்பாடம் செய்கிற வரி அது. எங்கள் பிள்ளைகளுக்கு அதை மனப்பாடமாக வைக்கத் தேவையே இல்லை. சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், நாங்கள் இருப்பது கிட்டத்தட்ட 1,500 மீட்டர். அடிவாரத்தில் இருக்கிற ஒரு டீச்சரிடம் தெர்மாமீட்டர் கொடுத்துவைத்தேன். மதியம் ஒரே நேரத்தில் அவர் அங்கே பார்த்துப் போனில் சொல்வார், பிள்ளைகள் இங்கே வராந்தா நிழலில் தொங்கவிட்டதைப் பார்ப்பார்கள். மழை, மேகம் இல்லாத நாளில் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் வரும். கணக்குப் போட்டால் புத்தகத்து வரியோடு ஒட்டி வரும். மூட்டமான நாளில் ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை என்று அவர்களே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

இன்னொன்று, சமஉயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை வரைபடத்தில் இணைக்கிற கோடு. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தை இப்போது இணையத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு 20 மீட்டர் உயரத்துக்கும் ஒரு கோடு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வளைவுகள் ஒவ்வொன்றும் எண்ணோடு தெரியும். பஸ்ஸில் எந்த வளைவில் வாந்தி வரும், எந்த வளைவில் குரங்கு நிற்கும் என்று சொல்வார்கள். வரைபடத்தில் சாலையின் மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற இடத்தில்தான் சாலை பாம்பு போல வளைகிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்தாள். 'நேரா போட்டா பஸ் ஏறாதுல்ல டீச்சர்' என்றாள். அவ்வளவுதான், சமஉயரக் கோடு முடிந்தது.

பிறகு பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஓர் அட்டை என்று அடுக்கி மலையைச் செய்தார்கள். அது இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. புதிதாகச் சேருகிற பிள்ளை முதலில் தன் ஊரை அதில் தேடுகிறது.

வசிஷ்டநதி:

ஆத்தூர்க்காரன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இளையவர்கள் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

தேர்ச்சி தம்பி சொன்ன 35 மார்க் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பத்தாம் வகுப்புப் பொருளியலில் வரிகள் பாடம் இருக்கிறதே, நேர்முக வரி, மறைமுக வரி, ஜி.எஸ்.டி. என்று. பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற பாடம் அதுதான். நான் அதை எப்போதும் சேலத்துக் கள்ளுக்கடையிலிருந்து தொடங்குவேன்.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு கொண்டுவந்தார், முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. சுவரில் வரைபடத்தை மாட்டி 1965இல் தர்மபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது என்று கோடு போட்டுக் காட்டினால் மாவட்டம் என்பது ஆண்டவன் படைத்ததல்ல, அரசு போட்ட கோடு என்பது பிள்ளைகளுக்குப் புரியும். சரி, கடையை மூடினால் அரசுக்கு வந்துகொண்டிருந்த பணம் போய்விடும் அல்லவா? அதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. அந்த விற்பனை வரிதான் பல கை மாறி 2017இல் ஜி.எஸ்.டி.க்குள் போனது. இதைச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து ஒரு மளிகைக்கடை பில் கொண்டுவரச் சொல்லுவேன். வாங்கியவர் கையில்தான் வரி வந்து விழுகிறது என்பதைப் பில்லைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.

இதில் வரலாறு எங்கே முடிந்தது, பொருளியல் எங்கே தொடங்கியது? எனக்கு ஒரு பீரியட்தான் ஆனது, தம்பி. போர்ஷனும் நகர்ந்தது.

குரூப்2 பயணி:

ஐயா, நான் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவன். 1937, 1939 இரண்டையும் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது இப்போதுதான் தெரிகிறது. இனி மறக்காது. நன்றி ஐயா.

தேர்ச்சி100:

ஐயா, வரிப் பாடத்தை இப்படி நடத்தலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பில் விஷயத்தை இந்த மாதமே செய்கிறேன்.

ஆனால் எனக்கு வேறொரு பயம் இருக்கிறது. உள்ளூர் வரலாறு என்று சொன்னவுடன் பிள்ளைகள் கொண்டுவருவது என்ன தெரியுமா? ஊர் முனையில் வைத்த ஃபிளெக்ஸ் பேனரில் இருக்கிற வரலாறு. 'எங்க ஆளுங்கதான் இந்தக் கோட்டையைக் கட்டுனாங்க', 'இந்த மலையே எங்களோடது' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த பெஞ்சில் இருப்பவன் வேறு சாதி. கையில் கயிறு கட்டுகிற பிரச்சினையே இன்னும் ஓயவில்லை. சங்ககிரிக் கோட்டைக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப்போய்விட்டு வரும் வழியில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தீரன் சின்னமலையை அங்கே 1805இல் தூக்கிலிட்டார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை நடத்தலாம். அதற்கு மேல் பேசப்போனால் வகுப்பறை இரண்டாகிறது. மாநிலம் முழுக்க ஒரே புத்தகம் இருப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, பாருங்கள்.

ஓமலூர் வாத்தியார்:

சார், நீங்கள் சொன்னதில் இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. என் பதில் இதுதான்: ஊர்ப்பெருமையை நாம் வகுப்புக்கு வெளியே விட்டால் அது போய்விடாது, பேனரில் அப்படியே இருக்கும். சான்று கேட்கிற பழக்கத்தைக் கொடுத்தால்தான் அதைத் தாங்க முடியும்.

சேலத்திலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கோட்டை சாலையில் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோவில். அங்கே இருக்கிற சிலை புத்தர் என்று ஒரு தரப்பு 2011இல் உயர்நீதிமன்றம் போனது. நீதிமன்றம் என்ன செய்தது? எந்தத் தரப்பு பெரியது என்று பார்க்கவில்லை, தொல்லியல் துறையைப் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. அவர்கள் மஞ்சள், சந்தனப் பூச்சையெல்லாம் கழுவிவிட்டுப் பார்த்தார்கள். தாமரைப் பீடம், காலை மடித்து உட்கார்ந்திருக்கும் நிலை, மடியில் தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, உச்சியில் முடிச்சு, நீண்ட காது. துண்டான தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். இவை புத்தருக்குரிய அடையாளங்கள் என்று அறிக்கை வந்தது, 2022இல் தீர்ப்பும் அப்படியே வந்தது.

இதை நான் வகுப்பில் தலைகீழாக நடத்தினேன். முதலில் தீர்ப்பைச் சொல்லவில்லை. அறிக்கையில் இருந்த அடையாளங்களை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். இன்னொரு பக்கம், பாடப்புத்தகத்தில் உள்ள புத்தர், மகாவீரர் படங்களையும், அவர்கள் ஊரிலிருக்கும் முனியப்பன் சிலை எப்படி உட்கார்ந்திருக்கிறது, கையில் என்ன வைத்திருக்கிறது என்பதையும் எழுதச் சொன்னேன். எங்கள் பக்கத்து முனியப்பன் பெரிய கண், முறுக்கு மீசை, கையில் அரிவாள். பிள்ளைகள் ஒப்பிட்டு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். மகாவீரராக ஏன் இருக்கக்கூடாது என்றும் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி, உச்சி முடிச்சை வைத்து அதையும் பேசினோம்.

அப்புறம்தான் கஷ்டமான கேள்வி வந்தது. 'அப்போ இத்தனை நாளா கும்பிட்டவங்க சொன்னது பொய்யா சார்?' பொய் இல்லை, அவர்கள் நம்பியது உண்மை, அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, சிலைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகக் கேட்கலாம் என்றேன். ஆத்தூர் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருப்பதையும் சொன்னபோது, ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பௌத்தம் இருந்திருக்கிறது என்பது அவர்களுக்கு வெறும் வாக்கியமாக இல்லை.

அந்த வாரத்துக்குப் பிறகு, 'எங்க ஆளுங்கதான் கட்டுனாங்க' என்று ஒருவன் சொன்னால் 'கல்வெட்டு இருக்கா?' என்று பின்பெஞ்சிலிருந்து கேட்கிறார்கள். எனக்கு அது போதும்.

காபிக்கொட்டை:

இது ரொம்ப நல்ல வழி சார். எங்கள் மலையிலும் இப்படி ஒன்று உண்டு. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலைக் கோவில்களில் அவற்றை வைத்துக் கும்பிடுவதைப் பழைய ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் 'தொட்டுப் பார்க்கலாமா' என்றுதான் முதலில் கேட்பார்கள். சாமிக் கல்லைத் தொட முடியாது என்று நாங்களே ஒரு வழவழப்பான கல்லைத் தேய்த்துக் கூராக்க முயன்றோம். கை வலித்ததும் அந்தக் காலத்து மனிதர்கள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அம்மாபேட்டை அம்மா:

நான் டீச்சர் இல்லைங்க. என் மகள் எட்டாவது படிக்கிறாள். திருமணிமுத்தாறு எங்கள் வீட்டுக்குப் பின்னாடி ஓடுது, ஓடுதுன்னு சொல்றதுக்கு இல்லை, சாயத்தண்ணியும் சாக்கடையும்தான். அது சேர்வராயன் மலையில் பிறந்து நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்குதுன்னு மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்க டீச்சர் ஒரு வேலை கொடுத்தாங்க: உங்க வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேருது, அதை யார் சுத்தம் பண்ணணும், யாருக்கு மனு எழுதணும்னு கண்டுபிடிச்சு வரணும். மாநகராட்சியில் 60 வார்டு, நான்கு மண்டலம், நாங்க அம்மாபேட்டை மண்டலம்னு அவளே கண்டுபிடிச்சா. மனுவும் எழுதினா. மண்டல அலுவலகத்தில் கொடுத்துட்டு ரசீது கேட்டு வாங்கிட்டு வந்தா. இந்த வயசு வரைக்கும் நான் ஒரு ரசீது கேட்டு வாங்கினதில்லை. இதைத்தான் நான் படிப்புன்னு சொல்லுவேன்.

ஓமலூர் வாத்தியார்:

அம்மா, அந்த ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 'ரசீது கேட்டு வாங்கு' என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பூலாவரிப் பெண்:

எல்லாரும் சொல்வதைப் படித்துக்கொண்டே இருந்தேன். நான் சட்டக் கல்லூரி மாணவி. பள்ளியில் படிக்கும்போது எட்டு வழிச்சாலைக்கு எங்கள் தென்னந்தோப்பில் கல் நட்டார்கள். சென்னை–சேலம், 277 கிலோமீட்டர். 2018. வகுப்பில் என்னைப் போல நிறையப் பிள்ளைகள் இருந்தோம். அந்த வருடம் முழுக்க ஒரு டீச்சர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதே வருடம் குடிமையியலில் அடிப்படை உரிமைகள் நடத்தினார்கள். 1978ஆம் ஆண்டு 44ஆவது சட்டத்திருத்தத்தின்படி சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்று அடிக்கோடு போடச் சொன்னார்கள். நானும் போட்டேன். வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்ததற்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அடிப்படை உரிமையாக இல்லாவிட்டாலும் அரசியலமைப்பில் 300ஏ பிரிவு இருக்கிறது, சட்டத்தின் வழியாக இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்க முடியாது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது, ஆனால் நிலப்பதிவேட்டில் மாற்றிய பெயரைத் திரும்ப உடையவர் பெயருக்கே மாற்றச் சொன்ன பகுதியை நிலைநிறுத்தியது. ஒரே வழக்கில் நாடாளுமன்றம் செய்த சட்டம், அதிகாரி போட்ட உத்தரவு, நீதிமன்றம் பார்த்த வரம்பு என்று மூன்று உறுப்பும் வந்துவிட்டது. எங்களுக்குப் பிடித்த தீர்ப்பும் இருந்தது, பிடிக்காததும் இருந்தது. இதைவிட நல்ல குடிமையியல் பாடம் எங்கே கிடைக்கும்?

சாலை வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் டீச்சர் சொல்லியிருக்க வேண்டாம். அந்த அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பை வைத்துப் பேசியிருக்கலாம்.

தேர்ச்சி100:

தங்கச்சி, நீ எழுதியது மனதைப் பிசைகிறது. ஆனால் அந்த டீச்சர்கள் இடத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். அந்தச் சமயத்தில் போராட்டத்தில் கலந்துகொண்டவர்கள், பேசியவர்கள் மேலெல்லாம் வழக்கு வந்துகொண்டிருந்தது. அரசு ஊழியர் வகுப்பில் வாயைத் திறந்தால் யார் செல்போனில் பதிவு செய்து யாருக்கு அனுப்புவார்கள் என்று தெரியாது. பேசாமல் இருந்தார்கள் என்றால் அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை.

பூலாவரிப் பெண்:

புரிகிறது அண்ணா. இப்போது அந்தப் பயம் குறைந்திருக்கும் அல்லவா, இப்போதாவது நடத்தலாம். தீர்ப்பு வெளிவந்த ஆவணம்தானே.

வசிஷ்டநதி:

அந்தப் பெண் கடைசியில் சொன்னாளே, ஆவணம் என்று, அதுதான் வழி. நான் வேலையில் இருந்த காலத்தில் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. சூடான விஷயமா, என் கருத்தைச் சொல்ல மாட்டேன், ஆவணத்தை மேசையில் வைப்பேன். தேதி, சட்டப் பிரிவு, வரைபடம். இவை மூன்றும் இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

சேலம் மத்தியச் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். நம் ஊரில் நடந்த இவ்வளவு பெரிய சம்பவம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் இரண்டு தேதிகளை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன்: ஜனவரி 26, பிப்ரவரி 11, இரண்டும் 1950. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. உயிர் வாழும் உரிமை என்று 21ஆவது பிரிவில் எழுதியாகிவிட்டது. எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்று பிள்ளைகள்தான் கேட்பார்கள். நான் கேட்கமாட்டேன்.

அப்புறம் அடுத்த கேள்வி. இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். கேரளத்து ஆட்கள் எப்படிச் சேலம் ஜெயிலுக்கு வந்தார்கள்? உடனே வரைபடம். மலபார் அன்றைக்குச் சென்னை மாநிலத்தில் ஒரு மாவட்டம். 1956இல் மொழிவாரி மாநிலம் வந்த பிறகுதான் கேரளத்தோடு சேர்ந்தது. மாநில மறுசீரமைப்பு என்ற பாடத்தை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

காவேரிக்கரை:

மேட்டூரிலிருந்து. நான் செய்வது ரொம்பச் சின்ன விஷயம், யாருக்கும் எந்தப் பயமும் தேவையில்லை. வகுப்பறை மூலையில் தினமும் மூன்று எண்: அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை கனஅடி. பேப்பரில் தினமும் வருவதுதான். முறை வைத்து ஒரு பிள்ளை எழுதும். மாதக் கடைசியில் கட்டக்காகிதத்தில் கோடு வரைவார்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் கோடு மேலே ஏறும். இங்கே வெயில் அடிக்கும், ஆனால் அணை நிரம்பும். ஏன்? அப்போதுதான் குடகு, வயநாடு, தென்மேற்குப் பருவமழை எல்லாம் உள்ளே வருகிறது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித்தான் நமக்கு வருகிறது என்றவுடன் '120 அடி அணை நம்மோடது, தண்ணி அவங்களோடதா?' என்று கேட்பார்கள். 1924 காவிரி ஒப்பந்தம், நடுவர் மன்றம், 2018இல் உச்சநீதிமன்றம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று சொன்னது, எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் திறப்பார்களா மாட்டார்களா என்று எங்கள் பிள்ளைகள் மே மாதமே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

தண்ணீர் ரொம்ப இறங்கிய வருடத்தில் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும், பழைய தேவாலயக் கோபுரமும் தெரியும். 1934இல் அணை முடிந்தபோது மூழ்கிய ஊர்கள். அங்கிருந்து கிளம்பிய குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். நிலம் கொடுத்தவர்கள் கதையைப் பூலாவரித் தங்கச்சி சொன்னாள், எங்களிடம் தொண்ணூறு வருடத்துக் கதை இருக்கிறது. அணையால் தஞ்சாவூர் வாழ்ந்தது, அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதச் சொல்கிறேன்.

காபிக்கொட்டை:

மலைப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் எங்கள் பிள்ளைகள் வருவது 'பழங்குடியினர்' என்ற பெட்டிச் செய்தியில் மட்டும்தான். 'ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்தியவர் காக்பர்ன்' என்பது பொது அறிவுக் கேள்வி. அவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்தார், காபி கொண்டுவந்தார், எல்லாம் சரி. நான் பிள்ளைகளிடம் கேட்பது அடுத்த கேள்வி: அந்தச் செடியை வைத்தது எந்த நிலத்தில்? அதற்கு முன்னால் அங்கே என்ன விளைந்தது? யார் விதைத்தார்கள்? தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு வருவார்கள். சாமை, கேழ்வரகு, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகள்தான் தங்கள் முன்னோர் என்கிற கதை, எல்லாம் வரும். கதையைக் கதை என்று ஒரு பத்தியில், பதிவேட்டைப் பதிவேடு என்று இன்னொரு பத்தியில் எழுத வைக்கிறேன். ஓமலூர் சார் சொன்ன அதே முறைதான்.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். தன் ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்று படித்துவிட்டு, ஜனவரி 26 கிராம சபையில் போய் உட்கார்ந்தார்கள். பேசவில்லை, பார்த்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தவளுக்கு ஊராட்சிச் செயலர் காட்டியே கொடுத்தார்.

ஓமலூர் வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பருவத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளப் போகிறேன். மேட்டூர் எண்கள் முதல் நாளிலிருந்து. வரைபடத் திறன் பாடத்துக்கு டீச்சர் சொன்ன அட்டை மலை, நாங்கள் கஞ்சமலையைச் செய்கிறோம், ஜன்னலிலிருந்து தெரிகிறது. உள்ளாட்சிக்கு அம்மா சொன்ன மனுவும் ரசீதும். பெரியேரியைத் திரும்ப நடத்துவேன். எட்டு வழிச்சாலைத் தீர்ப்பைத் தமிழில் எளிமையாக இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா தங்கச்சி? நான் சட்டம் படித்தவன் இல்லை, தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

பூலாவரிப் பெண்:

தருகிறேன் சார். பிரிவு எண்களோடு எழுதி, எங்கள் பேராசிரியரிடம் சரிபார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.

தேர்ச்சி100:

சார், நான் ஒன்பதாம் வகுப்பும் எடுக்கிறேன். இரண்டு பிரிவு இருக்கிறது. ஒரு பிரிவில் நீங்கள் சொன்னபடி நடத்துகிறேன், இன்னொன்றில் வழக்கம்போல. காலாண்டு வினாத்தாள் இரண்டுக்கும் ஒன்றுதான். மார்க்கையும் போடுகிறேன், மேப் கேள்வியில் எத்தனை பேர் சரியாகக் குறித்தார்கள் என்பதையும் தனியாகப் போடுகிறேன். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள் எந்தப் பிரிவில் அதிகம் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். அவர்கள் எழுதியிருந்தால் பத்தாம் வகுப்பிலும் மாற்றத் தயார்.

காபிக்கொட்டை டீச்சர், அந்த 1:50,000 வரைபடத்தில் எடப்பாடி எந்தத் தாளில் வரும் என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் பிரிண்டர் கருப்பு வெள்ளைதான், சமஉயரக் கோடு தெளிவாக வருமா என்றும் சொல்லுங்கள்.

காபிக்கொட்டை:

தாள் எண்ணை நாளைக்குப் பார்த்துப் போடுகிறேன் சார். கருப்பு வெள்ளையில் கோடுகள் ஆற்றோடு குழம்பிவிடும். அதனால் ஏ3 அளவில் எடுத்து, ஆறுகளை மட்டும் நீலப் பேனாவால் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். சரபங்கா நதியிலிருந்து தொடங்கட்டும், உங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது.